குடும்பப் படங்களையும் கடிதங்களையும் ஆண்டுவாரியாகக் கணினியில் அடுக்குவது எப்படி

பிஸ்கட் டின்னில் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒட்டும் பக்கங்கள் கொண்ட கல்யாண ஆல்பம் இரண்டு. அலமாரி மேல்தட்டில் விஎச்எஸ் நாடா, பக்கத்தில் விசிடி உறை. ஊரிலிருந்து வந்த நீல ஏரோகிராம் கட்டு. ஐந்து பேரின் கைப்பேசிகள், திறக்காத பழைய மடிக்கணினி, பெயர் எழுதாத இரண்டு ஹார்ட் டிஸ்க். சிங்கப்பூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் சேமிப்பு இப்படித்தான் சிதறிக் கிடக்கிறது. இதை ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவர ஆண்டைப் பிடித்துக்கொள்வதுதான் நல்லது. "தீபாவளி", "ஊர்ப் பயணம்", "பிள்ளைகள்" என்று தலைப்புவாரியாகப் பிரித்தால், தீபாவளிக்கு ஊருக்குப் போன பிள்ளைகளின் படத்தை எதில் போடுவது என்ற கேள்வி முதல் நாளே வந்து நிற்கும். ஆண்டில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு படத்துக்கு ஓர் ஆண்டுதான்.

முதலில் ஆண்டுப் பட்டியல்

ஸ்கேனர் வாங்க அவசரப்பட வேண்டாம். எக்செலிலோ கூகல் ஷீட்ஸிலோ இரண்டு பத்திகள் கொண்ட ஒரு பட்டியல் போடுங்கள்: ஆண்டு, நடந்தது. பிறப்பு, திருமணம், மறைவு, வீடு மாறியது, பிள்ளை தொடக்கநிலை 1 சேர்ந்தது, தேசிய சேவைக்குப் போனது, ஊருக்குப் போய்வந்தது. தேதி உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் நிரப்புங்கள். பிறப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு, பழைய கடப்பிதழ்களில் விழுந்த முத்திரைகள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் பத்திரங்கள் இவற்றை மேசையில் பரப்பினால் ஒரு மாலையில் முப்பது நாற்பது வரிகள் சேர்ந்துவிடும்.

இந்தப் பட்டியலின் பயன் பெரியவர்களோடு உட்காரும்போது தெரியும். "இது எந்த வருஷம் எடுத்தது?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் இரண்டு மூன்று ஆண்டு தள்ளி வரும். "அப்ப எந்த வீட்ல இருந்தீங்க? சின்னவன் பொறந்துட்டானா? தாத்தா இருந்தாரா?" என்று கேளுங்கள், சட்டென்று சொல்லிவிடுவார்கள். மூன்று பதில்களைப் பட்டியலோடு ஒப்பிட்டால் ஆண்டு ஒன்றிரண்டுக்குள் அடங்கிவிடும்.

இவற்றில் மிகவும் நம்பத்தக்கது வீடு. கம்பத்து வீட்டிலிருந்து ஈரறை வீட்டுக்கு, அங்கிருந்து மூவறைக்கு, பிறகு ஐந்தறைக்கு என்று நகர்ந்த குடும்பங்களுக்குச் சாவி வாங்கிய தேதி பத்திரத்திலேயே இருக்கும். படத்தில் முகங்களுக்குப் பின்னால் தெரியும் ஜன்னல் கம்பியின் வடிவம், தரை ஓடு, இரும்புக் கதவு ஆகியவை எந்த வீடு என்று காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த அடையாளங்களைப் பட்டியலில் ஒரு வரியாகக் குறித்து வையுங்கள்.

கோப்புறைகளுக்குப் பெயர் வைப்பது

"நினைவுகள்" என்று ஒரு தாய்க் கோப்புறை. அதற்குள் மூன்றே கோப்புறைகள் போதும்:

00 வந்தவை
01 ஆண்டுகள்
02 பட்டியல்கள்

எங்கிருந்து எது வந்தாலும் முதலில் "வந்தவை"யில் விழட்டும். அங்கே பார்த்து, பெயர் வைத்து, பிறகுதான் ஆண்டுக்குள் போகவேண்டும். "ஆண்டுகள்" கோப்புறைக்குள் நான்கு இலக்க ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டுக்குள்ளும் நிகழ்ச்சிக்கு ஒரு கோப்புறை:

1978-05-21 திருமணம் முத்து மீனாட்சி
1978-09-00 புது வீடு தோ பாயோ
1978-00-00 ஸ்டூடியோ படம் பாட்டி

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை மாற்றாதீர்கள். கணினி பெயரை இடமிருந்து படித்து அடுக்குகிறது. நாளை முன்னால் எழுதினால் எல்லா மாதங்களின் 21ஆம் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். மே மாதத்தை 5 என்று எழுதாமல் 05 என்று எழுதுங்கள். ஒற்றை இலக்கமாக விட்டால் சில நிரல்களில் 10ஆம் மாதம் 5ஆம் மாதத்துக்கு முன்னால் போய் நிற்கும். மாதமோ நாளோ தெரியாவிட்டால் 00. அது அந்த ஆண்டின் தலையிலேயே வந்து நிற்பதால், இன்னும் விடை தேடவேண்டியவை எவை என்று தானாகவே தெரியும்.

ஆண்டே உறுதியில்லை என்றால் "1975-00-00 சுமார்" என்று எழுதுங்கள். பத்தாண்டு மட்டும்தான் தெரியும் என்றால் "1970-79 ஆண்டு தெரியாதவை" என்று ஒரு கோப்புறை வைத்தால் 1970க்கு அடுத்ததாக அமரும். "சுமார்" என்ற சொல்லைத் தயங்காமல் போடுங்கள். தெரியாத ஆண்டை யாராவது பிறகு கண்டுபிடிக்கலாம். தவறான ஆண்டை உறுதியாக எழுதிவிட்டால் அதை யாரும் திரும்பச் சரிபார்க்கவே மாட்டார்கள்.

தமிழில் பெயர் வைப்பதில் தடையில்லை, ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று நீளம். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கும். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள். "திருமணம்" என்ற ஒரு சொல்லே 24 பைட். விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும் நீண்ட பெயரை, லினக்ஸ் அடிப்படையில் இயங்கும் வீட்டுச் சேமிப்புப் பெட்டி 255 பைட்டோடு நிறுத்திவிடும். நகலெடுக்கும்போது அந்தக் கோப்பு மட்டும் விடுபட்டுப் போகும். தேதிக்குப் பிறகு நான்கைந்து சொற்களுக்குள் முடியுங்கள். விண்டோஸில் கோப்புறைப் பாதை முழுவதற்கும் 260 குறிகள் என்ற எல்லையும் பல நிரல்களுக்கு இன்னும் பொருந்தும். கோப்புறைக்குள் கோப்புறையாக ஆறேழு அடுக்கு போகவேண்டாம்.

இரண்டாவது, ஒகர ஓகார எழுத்துகள். "கோ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடும்போது கணினிக்கு வேறு வேறு. பழைய மேக் கணினிகளில் வைத்திருந்த கோப்புகள் விண்டோஸுக்கு வரும்போது "கோயில்" என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் தோன்றுவது இதனால்தான். பெயர்களைப் புதிதாகத் தட்டாமல் பட்டியலிலிருந்து ஒட்டினால் இந்தத் தொல்லை வராது.

கணினி காட்டும் தேதியை நம்பாதீர்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. கோப்பு நிரலில் தெரியும் "டேட் கிரியேட்டட்", "டேட் மாடிஃபைட்" இரண்டும் அந்தக் கோப்பு இந்த வட்டுக்கு வந்த நாளையோ கடைசியாகத் திருத்திய நாளையோதான் சொல்கின்றன. பழைய மடிக்கணினியிலிருந்து படங்களை நகலெடுத்த அன்றே பத்தாண்டுப் படங்கள் அத்தனையும் ஒரே நாளில் உருவானவை போல் காட்டும். படம் எடுத்த நாள் படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற தகவல் பகுதியில் இருக்கிறது. விண்டோஸில் கோப்பின் மேல் வலப்பக்கம் சொடுக்கி, "ப்ராப்பர்டீஸ்", பிறகு "டீடெய்ல்ஸ்" போனால் "டேட் டேக்கன்" என்ற வரி. அதை மட்டும் பாருங்கள். அதுவும் கேமராவின் கடிகாரம் சரியாக இருந்தால்தான் உண்மை. மின்கலம் தீர்ந்து மாற்றிய கேமராக்கள் அவற்றின் தொடக்கத் தேதிக்கே திரும்பிவிடும். ஒரு வட்டில் நூறு படங்கள் ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி 1 நள்ளிரவில் எடுத்ததாகக் காட்டினால் காரணம் இதுதான்.

வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களில் எக்ஸிஃப் தேதி நீக்கப்பட்டிருக்கும், படமும் சுருங்கியிருக்கும். ஆண்ட்ராய்டில் அந்தக் கோப்புப் பெயரின் நடுவில் 20190815 போல எட்டு இலக்கங்கள் இருக்கும். அவை படம் வந்து சேர்ந்த நாளைக் காட்டும்; எடுத்த நாள் வேறாக இருக்கலாம். கல்யாணம் முடிந்த மறுநாள் குழுவில் பகிரப்பட்டதென்றால் ஒரு நாள் வித்தியாசம், பெரிய தவறில்லை. ஆனால் சித்தப்பா போன வாரம் அனுப்பிய 1983ஆம் ஆண்டுப் படம் இந்த ஆண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். முக்கியமான படங்களை அனுப்பியவரிடம் கேட்டு, வாட்ஸ்அப்பிலேயே "டாக்குமெண்ட்" என்ற வழியில் மறுபடி வாங்குங்கள். அந்த வழியில் கோப்பு மாறாமல், தேதியோடு வரும்.

ஊர்க் கல்யாணங்களில் இன்னொரு சிக்கல். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். கைப்பேசிகள் சென்னையில் இறங்கியதும் தாமாக மாறிக்கொள்கின்றன, கேமரா மாறாது. காலை 6 மணி முகூர்த்தத்தைக் கைப்பேசி 6 என்றும் கேமரா 8:30 என்றும் பதிந்திருக்கும். இரண்டையும் ஒரே கோப்புறையில் போட்டு நேரவாரியாக அடுக்கினால், பந்தி பரிமாறிய பிறகு தாலி கட்டுவது போல வரிசை கலைந்துவிடும். டிஜிகேம் என்ற இலவச நிரலில் கேமராப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, நேரம் மாற்றும் கருவியில் 2 மணி 30 நிமிடத்தைக் கழித்தால் சரியாகிவிடும். மேக் பயன்படுத்துவோருக்கு ஃபோட்டோஸ் நிரலில் "அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்" அதே வேலையைச் செய்யும்.

கூகல் ஃபோட்டோஸில் தேதியைத் திருத்தி வைத்திருப்பவர்கள் ஒன்று அறிந்துகொள்ளவேண்டும். அங்கிருந்து டேக்அவுட் மூலம் மொத்தமாக இறக்கும்போது, நீங்கள் திருத்திய தேதி படத்துக்குள் வராது. பக்கத்தில் ஒரு தனி ஜேசான் கோப்பாக வரும். "எதற்கு இந்தக் குப்பை" என்று அதை அழித்துவிட்டால் திருத்தம் எல்லாம் போயிற்று.

பழைய படங்களின் ஆண்டைக் கண்டுபிடிப்பது

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, கையெழுத்து, தபால் முகவரி எல்லாம் சான்றுகள். உறையிலோ முத்திரையிலோ சிங்கப்பூர் முகவரியோடு நான்கு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1979க்கும் 1995க்கும் இடைப்பட்டது. ஆறு இலக்கக் குறியீடு 1995 செப்டம்பரில் வந்தது. வீட்டுத் தொலைபேசி எண்களின் முன்னால் 6 சேர்ந்து எட்டு இலக்கமானது 2002 மார்ச் 1இல். திருமணப் பத்திரிகைகளும் விசிட்டிங் கார்டுகளும் இதனாலேயே எளிதில் பிடிபடும்.

வெளியில் எடுத்த படங்களில் பின்னணியைப் பாருங்கள். மெர்லயன் சிலை தெரிந்தால் 1972 செப்டம்பருக்குப் பிறகு. 2002இல் அது இப்போதைய இடத்துக்கு நகர்த்தப்பட்டது, எனவே பின்னால் என்ன தெரிகிறது என்பதும் பேசும். உறவினரை வழியனுப்பும் படம் பாய லேபார் விமான நிலையத்தில் என்றால் 1981 ஜூலைக்கு முன். சாங்கி என்றால் பின். எம்ஆர்டி ரயில் நிலையம் தெரிந்தால் 1987 நவம்பருக்குப் பிறகு. நேஷனல் தியேட்டரின் ஐந்து கூர்முனை முகப்பு 1986இல் இடிக்கப்பட்டது. தேக்காவில் பழைய கண்டாங் கிர்பாவ் சந்தை 1982இல் சாலையின் எதிர்ப்பக்கக் கட்டடத்துக்கு மாறியது. அந்தக் கட்டடத்துக்குத் தேக்கா நிலையம் என்ற பெயர் 2000இல்தான் வந்தது. தேசிய சேவைச் சீருடையில் இளைஞர் நிற்கிறார் என்றால் 1967க்குப் பிறகு. வண்ணப் படம் சிவந்துபோயிருந்தால் 1970களின் அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம்: அந்தக் காலத் தாளில் நீலச்சாயம் முதலில் மங்கி, சிவப்பு மிஞ்சும்.

திருமணப் பத்திரிகைகளிலும் ஜாதகங்களிலும் தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரபவ 1927-28இலும் 1987-88இலும் வந்தது; அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். சாதாரண 44ஆவது, ஆக 1970-71. குரோதி என்று மட்டும் இருந்தால் 1964-65ஆ 2024-25ஆ என்று தாளைப் பார்த்தாலே தெரியும். தவறு நேர்வது மாதத்தில். தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டைச் சேர்ந்தவை. சாதாரண ஆண்டு தை மாதக் கல்யாணம் 1971 கோப்புறைக்குப் போகவேண்டும், 1970க்கு அல்ல. மார்கழி மட்டும் டிசம்பர் பாதி, ஜனவரி பாதி.

ஜப்பானிய ஆட்சிக் காலச் சான்றிதழ்களில் 2602, 2603 போன்ற எண்களைக் கண்டு திகைக்கவேண்டாம். 660 கழித்தால் 1942, 1943. ஜாதகம் தொடர்பாக ஒரு சிறு குறிப்பு: சிங்கப்பூரின் நேரம் கிரீன்விச் நேரத்தோடு இப்போதைய எட்டு மணி வித்தியாசத்துக்கு வந்தது 1982 ஜனவரி 1இல், அதற்கு முன், போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், அது ஏழரை மணி. பழைய பிறந்த நேரத்தைச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள், இன்றைய நேரத்துக்கு மாற்றாதீர்கள்.

"தீபாவளி" என்று மட்டும் எழுதிய படத்துக்கு ஆண்டு தெரிந்தாலும் தேதி தானாக வராது. 2022இல் தீபாவளி அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. தைப்பூசம் 2023இல் பிப்ரவரி 5, 2024இல் ஜனவரி 25. பழைய ஆண்டுகளுக்குத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையத்தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களைப் பாருங்கள். பண்டிகைத் தேதி மட்டுமல்ல, குடும்பத்தவரின் மரண அறிவிப்போ திருமண வாழ்த்தோ அங்கேயே கிடைத்துவிடுவதும் உண்டு.

படத்தின் ஓரத்தில் கேமரா பதித்த மஞ்சள் எழுத்துத் தேதி கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கவேண்டாம். 4 12 87 என்பது கேமராவின் அமைப்பைப் பொறுத்து ஏப்ரல் 12 ஆகவும் இருக்கலாம், டிசம்பர் 4 ஆகவும் இருக்கலாம். அதே சுருளில் வந்த மற்றப் படங்களையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அத்தை என்று எழுதினால் யாருடைய அத்தை?

தமிழ்க் குடும்பங்களில் இதைவிடப் பெரிய குழப்பம் வேறில்லை. மகள் பெயரிட்ட படத்தில் "அத்தை" என்று இருப்பவர், அவருடைய மாமன் மகனுக்கு அம்மா, பேரனுக்குப் பாட்டி. முறைப்பெயரில் குறித்தால், எழுதியவர் இல்லாதபோது அது யார் என்று யாருக்கும் தெரியாது. "பாப்பா", "தம்பி", "குட்டி" என்ற வீட்டுப் பெயர்களும் அப்படியே; ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாப்பா உண்டு. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் பெயர் மட்டும் எழுதினாலும் போதாது.

பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "மீனாட்சி 1951", "மீனாட்சி 2004". இதுதான் அந்த ஆளுக்கான நிரந்தர அடையாளம். பட்டியல்கள் கோப்புறையில் ஆட்களுக்கென ஒரு தாள் போடுங்கள். பத்திகள்: அடையாளம், முழுப்பெயர், வீட்டுப் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், சொந்த ஊர், மறைந்த ஆண்டு. திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்களுக்கு இரண்டு பெயரையும் எழுதுங்கள். முறைப்பெயர் பத்தியே வேண்டாம்; தந்தை தாய் பெயர் இருந்தால் முறையை யார் வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த அடையாளத்தைப் படத்துக்குள்ளேயே எழுதவேண்டும். டிஜிகேமில் முகங்களைக் கண்டறிந்து பெயர் கொடுக்கும் வசதி இருக்கிறது. அமைப்புகளில் "மெட்டாடேட்டா" பகுதிக்குப் போய், குறிச்சொற்களையும் முகப்பெயர்களையும் கோப்பிலேயே எழுதும்படி முதலில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பெயரெல்லாம் அந்த நிரலின் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும். கணினியை மாற்றும் நாளில் காணாமல் போகும். கைப்பேசிச் செயலிகளில் கொடுக்கும் முகப்பெயர்களும் இப்படியே. அவை தேட உதவும், அவ்வளவுதான்.

பெரியவர்களிடம் பெயர் கேட்க உட்காரும்போது ஒரு முறைக்கு முப்பது படங்களுக்கு மேல் வேண்டாம். தொலைக்காட்சித் திரையில் பெரிதாகக் காட்டுங்கள், பக்கத்தில் கைப்பேசியில் ஒலிப்பதிவு ஓடட்டும். படத்தின் எண்ணை நீங்கள் வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பிறகு கேட்கும்போது எந்தப் பேச்சு எந்தப் படத்துக்கு என்று அதை வைத்துத்தான் தெரியும். ஒலிப்பதிவையும் தேதியோடு அந்த ஆண்டின் கோப்புறையிலேயே சேருங்கள். வேறு எந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்கேன் செய்வதை அடுத்த ஆண்டும் செய்யலாம்.

ஸ்கேன் செய்வது

சாதாரண 4ஆர் (4க்கு 6 அங்குல) அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள். அது 2400க்கு 3600 புள்ளிகள் தரும்; சுருக்காத டிஃப் கோப்பாக ஏறத்தாழ 25 எம்பி. ஆயிரம் படங்களுக்கு 25 ஜிபி, இன்றைய வட்டுகளுக்கு இது பொருட்டே அல்ல. அடையாள அட்டை அளவுள்ள சிறு படங்களுக்கு 1200. கடிதங்களுக்கு 300 போதும். 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் இருந்தால் அச்சை விட்டுவிட்டு அதையே எடுங்கள். 2400 டிபிஐயில் 3400 புள்ளி அகலம் கிடைக்கும். கறுப்பு வெள்ளைப் படங்களையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள், பழுப்பும் கறையும் பிரித்துப் பார்க்க வசதியாக இருக்கும். பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் எடுத்து, இரண்டுக்கும் ஒரே எண்ணும் "முன்", "பின்" என்ற சொல்லும் கொடுங்கள். ஸ்கேன் ஆன கோப்பின் தேதி இன்றைய தேதியாக இருக்கும். டிஜிகேமில் உண்மையான தேதிக்கு மாற்றாவிட்டால் 1974 கல்யாணம் எந்த நிரலிலும் இந்த ஆண்டில்தான் தெரியும்.

1980களின் ஒட்டும் ஆல்பங்களில் பசை காய்ந்து படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பல் இடுக்கு நூலைப் படத்தின் மூலையில் செலுத்தி, அறுப்பது போல் மெல்ல இழுத்தால் பெரும்பாலும் கழன்றுவரும். வரவில்லை என்றால் விட்டுவிட்டு, மேல்தாளை மட்டும் தூக்கி, பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். சுவரில் மாலை போட்டு மாட்டிய தாத்தா பாட்டி படங்களில் வேறு ஆபத்து: நம் ஊர் ஈரப்பதத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். பிரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். சட்டத்தோடு வைத்து, விளக்கொளி விழாத கோணத்தில், கண்ணாடி வழியாகவே கேமராவில் எடுங்கள். கண்ணாடியில் வைத்த குங்குமத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் தெளித்தால் சட்டத்தின் ஓரமாக உள்ளே இறங்கும்.

வெள்ளைப் புள்ளியாகவோ நூல்நூலாகவோ பூஞ்சை தெரிந்தால் அந்தப் படங்களைத் தனி ஜிப் பையில் பிரித்து வையுங்கள், மற்றவற்றுக்கும் பரவும். ஈரத் துணி கூடாது. ஸ்கேன் முடிந்தபின் அசல்களைக் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தால் நன்று. பெட்டி இல்லையென்றால் மூடி இறுகிய டப்பாவில் சிலிகா ஜெல், நிறம் மாறியதும் மாற்றவேண்டும்.

நாடாக்களும் வட்டுகளும்

விஎச்எஸ் நாடாவின் ஜன்னல் வழியே பார்த்துச் சுருளின் ஓரத்தில் வெண்பொடி தெரிந்தால் போட்டுப் பார்க்கவேண்டாம். இயந்திரத்தின் தலை அடைபடும், அடுத்துப் போடும் நல்ல நாடாவும் கெடும். அதைச் சுத்தம் செய்து பதிவு செய்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது சிங்கப்பூர், இந்தியா இரண்டும் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை என்பதால் 720க்கு 576 அளவில், நொடிக்கு 25 சட்டமாகக் கேளுங்கள். மினி டிவி (MiniDV) கேமரா நாடாக்களை ஃபயர்வயர் இணைப்பு வழியே அப்படியே இறக்கினால் மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி.

கல்யாண விசிடிகளில் "எம்பெக்ஏவி" என்ற கோப்புறைக்குள் டாட் (.dat) கோப்பாகப் படம் இருக்கும். நகலெடுத்து விஎல்சி என்ற காணொளி நிரலில் திறந்தால் ஓடும். எழுதக்கூடிய வட்டுகள் கெட்டுக்கொண்டிருக்கின்றன, ஆகவே படங்களுக்கு முன் இவற்றை முடியுங்கள். ஒரு கணினியில் படிக்காத வட்டு வேறொரு டிரைவில் படிக்கக்கூடும். இரண்டு மூன்றில் முயலாமல் தூக்கிப்போடாதீர்கள்.

கடிதங்களும் பழைய தமிழ்க் கோப்புகளும்

கடிதத்தை எழுதிய நாளின் ஆண்டில் வையுங்கள். தேதி இல்லாவிட்டால் அஞ்சல் முத்திரை. முத்திரை மங்கலாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் 1200 டிபிஐயில் எடுத்து, நிறவேறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். உறையைக் கடிதத்திலிருந்து பிரிக்காதீர்கள்.

1990களில் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்புகளைத் திறந்தால் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியலாம். கோப்பு கெடவில்லை. முரசு அஞ்சல், நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் போன்ற தமிழ் மென்பொருள்கள் புழங்கிய காலம் அது. யூனிகோடு பரவுமுன் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியாக்கம் இருந்தது. கோப்பில் பயன்பட்ட எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் டிஸ்கி, டாப், டாம் என்ற குறியாக்கங்களை ஒவ்வொன்றாக முயன்றால் ஏதோ ஒன்றில் தமிழ் தெளிந்து வரும். மாற்றியதையும் அசலையும் சேர்த்தே வையுங்கள்.

இரட்டைப் படங்கள்

டூப்குரு, சகாவ்கா போன்ற இலவச நிரல்கள் ஒன்றுபோல் உள்ளவற்றைக் காட்டும். பைட்டுக்குப் பைட் ஒன்றானவற்றை மட்டும் அழியுங்கள். "ஒத்த தோற்றம்" என்று அது காட்டுபவற்றில் ஒன்று பெரிய அசலாகவும் மற்றொன்று வாட்ஸ்அப்பில் வந்த சிறியதாகவும் இருக்கும். அளவைப் பார்த்துக் கையால்தான் முடிவெடுக்கவேண்டும். ஐஃபோனின் லைவ் ஃபோட்டோக்கள் ஒரே பெயரில் படமும் சிறு காணொளியுமாக இரண்டு கோப்புகள். அவை இரட்டை அல்ல.

மூன்று பிரதிகள்

கணினியில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஜொகூரிலோ ஊரிலோ இருக்கும் உடன்பிறப்பிடம் ஒரு வட்டு கொடுத்துவைத்தால் அவர்களுக்கும் படங்கள் கிடைத்தது போலாகும். விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்க வட்டை எக்ஸ்ஃபாட் முறையில் அமையுங்கள். மேகச் சேமிப்பு நல்லதுதான், ஆனால் ஒத்திசைவு வேறு, பிரதி வேறு: கைப்பேசியில் தவறி அழித்தது மேகத்திலும் அழிந்துவிடும். அடையாள அட்டை, பத்திரங்களின் ஸ்கேன்களை உறவினருக்குப் போகும் வட்டில் சேர்க்காமல் கடவுச்சொல் போட்ட தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலை ஒட்டி ஆண்டுக்கு ஒருமுறை மூன்று பிரதிகளையும் இணைத்து, வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து பத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காதது ஏதாவது இருந்தால் மற்றப் பிரதியிலிருந்து எடுத்து மாற்றுங்கள். அன்றே முடிந்த ஆண்டின் கைப்பேசிப் படங்களை எல்லாரிடமிருந்தும் வாங்கி "வந்தவை"யில் போட்டு, நிகழ்ச்சிவாரியாகப் பிரியுங்கள். ஐந்தாண்டுக்கு மேல் ஓடிய வட்டைப் புதிதாக மாற்றுங்கள். மாற்றும் நாளில் "பட்டியல்கள்" கோப்புறையை அச்சிட்டு, வட்டு எங்கே இருக்கிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று மேலே எழுதி, பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் அதே கோப்பில் செருகி வையுங்கள்.